மரவாழைக்கு மேடை இல்லை

ஆலுவா, கொச்சி மாடிகளில் தாய்லாந்து ஆர்க்கிட்கள் கொழிக்கின்றன. 300 ஆண்டுகளுக்கு முன்பே கொச்சிக்காரர்கள் பெயர் சொல்லிக் கொடுத்த உள்ளூர் ஆர்க்கிட்களோ, வெட்டப்படும் மரத்தோடு சேர்ந்து விறகுக் கடைக்குப் போகின்றன.

கொச்சி மெட்ரோ ரயிலின் வடகோடி ஆலுவா. 2017 ஜூனில் முதல் கட்ட ரயில் ஓடத் தொடங்கியது ஆலுவாவுக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையில்தான். உயரத்தில் போகும் அந்த ரயிலின் ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்கு இப்பகுதி மொட்டை மாடிகளின் ரகசியம் ஒன்று தெரிந்துவிடும். தென்னை மட்டைகளுக்கு நடுவே ஆங்காங்கே பச்சை நிழல்வலைப் பந்தல்கள். வலைக்கடியில் கம்பி கட்டி, வரிசை வரிசையாகத் தொட்டிகள். தொட்டியில் மண் கிடையாது. அடுப்புக்கரி, உடைந்த ஓடு, தேங்காய் மட்டைத் துண்டு - இவ்வளவுதான். இதைப் பற்றிக்கொண்டு நிற்கும் செடியின் நுனியில் ஊதாவும் வெள்ளையுமாக எட்டுப் பத்துப் பூக்கள்.

டென்ட்ரோபியம் சோனியா. தாய்லாந்து வளர்ப்பாளர்கள் கலந்து உருவாக்கிய இந்த ஒட்டு ரகம்தான் சென்னைக் கல்யாண மண்டபத்து மேடையிலும் டெல்லி ஹோட்டல் வரவேற்பறையிலும் நாம் பார்க்கும் ஆர்க்கிட். இப்பகுதியில் இது அநேகமாக வீட்டுச் செடி. பெரியாற்றின் ஈரக்காற்று, அதிகம் ஏறி இறங்காத வெப்பம், ஆண்டுக்கு இரண்டு பருவமழை. பாங்காக்கில் வளர்வது ஆலுவாவில் வளர மறுப்பதற்குக் காரணமே இல்லை.

ஆர்க்கிட் வளர்ப்பவர் வெகுநாள் தனியாக இருப்பதில்லை. ரோஜாவோ மல்லிகையோ வளர்ப்பவருக்குப் பக்கத்து வீட்டு யோசனை போதும். மண்ணில்லாத செடிக்கு, மூன்று ஆண்டு காத்திருந்தும் பூக்காத செடிக்கு, ஒரே இரவில் கறுத்து அழுகும் செடிக்கு, இன்னொரு ஆர்க்கிட் பைத்தியம்தான் வைத்தியம் சொல்ல முடியும். சிங்கப்பூரில் 1928லேயே மலாயா ஆர்க்கிட் சங்கம் தோன்றிவிட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான எரிக் ஹோல்ட்டம் அந்த ஊர் தாவரவியல் பூங்காவை நடத்தியவர். இந்தியாவில் 1984இல் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்திய ஆர்க்கிட் சங்கம் அமைந்தது. பெங்களூரில் கர்நாடக ஆர்க்கிட் சங்கமும் கல்கத்தாவில் கிழக்கிந்திய ஆர்க்கிட் சங்கமும் இருக்கின்றன. கேரளத்தில் 1990களில் ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் வீட்டுத் தொழிலாகப் பரவியபோது வளர்ப்போர் குழுக்களும் கூடவே முளைத்தன.

இத்தகைய குழுக்கள் கூடினால் நடப்பது எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உறுப்பினர் ஒருவரின் வீடு. நடுவில் ஒரு மேசை. அந்த மாதம் பூத்த செடிகளை அவரவர் தூக்கிக்கொண்டு வந்து வைக்கிறார்கள். முதலில் பார்க்கப்படுவது பூ என்று நினைத்தால் தவறு. செடியில் செருகியிருக்கும் பெயர்ச்சீட்டு. ஆர்க்கிட்டின் முதல் செயற்கைக் கலப்பினம் 1856இல் இங்கிலாந்தில் பூத்தது. அன்று தொடங்கி இன்றுவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான கலப்பினங்கள் பதிவாகிவிட்டன. 1961 முதல் இந்தப் பதிவேட்டை லண்டனின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் பராமரிக்கிறது. சீட்டைத் தொலைத்த செடி அப்பன் பெயர் தெரியாத பிள்ளை. எவ்வளவு அழகாகப் பூத்தாலும் சங்கத்தில் அதற்கு மரியாதை ஒரு மாற்றுக் குறைவுதான்.

அடுத்தது பரிமாற்றம். டென்ட்ரோபியத்தின் பழைய தண்டில் கணுவிலிருந்து வேரோடு ஒரு குட்டிச் செடி கிளம்பும். ஆர்க்கிட் உலகம் இதை ஹவாய்த் தீவு மொழியில் 'கெய்கி', அதாவது குழந்தை, என்று அழைக்கிறது. ஒருவர் வீட்டுக் கெய்கி இன்னொருவர் வீட்டுக்குப் போகிறது. இதில் சமத்காரமும் உண்டு: தன் செடி செத்துப்போனால், கொடுத்த இடத்திலிருந்து திரும்ப ஒரு குழந்தையை வாங்கிக்கொள்ளலாம். பேங்க் லாக்கரைவிட இது பத்திரமானது என்பது 2018 வெள்ளத்துக்குப் பிறகு பெரியாற்றுக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஆகஸ்டில் ஆலுவா மூழ்கியது. இடுக்கி அணையின் மதகுகள் 26 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்பட்டன. பக்கத்தில் நெடும்பாசேரி விமான நிலையம் 15ஆம் தேதி முதல் இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. ஆர்க்கிட்டுக்கு மழை பிடிக்கும், வெள்ளம் பிடிக்காது. அதன் வேர்கள் காற்றில் தொங்கி, மழையைக் குடித்துவிட்டு உடனே உலர்ந்துகொள்ளப் பழகியவை. வேரின் மேல் பஞ்சு போன்ற வெள்ளைப் போர்வை இருக்கிறதே, அது ஈரத்தை உறிஞ்சுவதற்காக. அதன் மீது ஆற்றுச் சேறு படிந்து அடைத்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். முற்றத்தில் பெஞ்சு போட்டு வைத்த செடிக்கும் மாடிக் கம்பியில் தொங்கிய செடிக்கும் அப்போது எவ்வளவு வித்தியாசம் என்பதை ஊகிக்கலாம்.

வெள்ளம் அபூர்வம். வருஷாவருஷம் வரும் இடவப்பாதி மழைதான் அன்றாட எதிரி. ஜூனில் தொடங்கி நாள் கணக்கில் விடாமல் பெய்யும்போது தேங்காய் மட்டை நீரைக் குடித்துக் கனத்துப் போகும். கோடையில் செடியைக் காப்பாற்றிய அதே மட்டை மழையில் அதற்குக் குழி தோண்டுகிறது. கருமை அழுகல் நோய் இலையடியில் ஒரு புள்ளியாகத் தொடங்கி இரண்டு மூன்று நாளில் குருத்தைத் தின்றுவிடும். அனுபவசாலிகள் செய்வது எளிமையானது: மழைக்கு முன் மட்டையை எடுத்துவிட்டுக் கரியும் ஓடும் மட்டும் போடுவது, நிழல்வலைக்கு மேலே பாலிதீன் கூரை விரிப்பது, செடிக்குச் செடி காற்றுப் புக இடம் விடுவது. அழுகிய பகுதியைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெட்டி எறிய வேண்டும். இரவில் டார்ச் அடித்துக்கொண்டு நத்தை பொறுக்குவதும் நிகழ்ச்சி நிரலில் உண்டு. ராட்சச ஆப்பிரிக்க நத்தை கொச்சியைச் சுற்றிப் பரவியபின் இந்த இரவு வேலை கூடிவிட்டது.

தொழிலாக எடுத்தவர்கள் கதை வேறு. 1990களில் 'வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்' என்ற பேச்சை நம்பி ஆர்க்கிட்டில் இறங்கிய குடும்பங்கள் ஏராளம். மாடியில் இருநூறு செடி இருந்தால் சில நாள் பத்துக் கொத்து, சில நாள் ஒன்றுமில்லை. பூக்கடைக்காரருக்குத் தேவை ஒரே நீளத்தில், ஒரே நிறத்தில், நாள் தவறாமல் பெட்டி பெட்டியாக. தாய்லாந்திலிருந்து விமானத்தில் இறங்கும் பூ அந்தக் கணக்குக்குச் சரிப்பட்டு வருகிறது. மாடித் தோட்டம் வருவதில்லை. நிலைத்தவர்களில் பலர் பூவைவிடச் செடி விற்றுப் பிழைக்கிறார்கள். வாங்குபவர்? புதிதாக இந்தப் பைத்தியம் பிடித்தவர்தான்.

ழகரம் பட்ட பாடு

கொச்சியில் ஆர்க்கிட் மோகம் தாய்லாந்துக் காற்று என்று எண்ணுபவர்கள் மட்டாஞ்சேரிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்க்க வேண்டும். 1670 முதல் 1677 வரை டச்சு மலபாரின் கவர்னராகக் கொச்சியில் இருந்தவர் ஹென்ட்ரிக் வான் ரீட். மிளகுக்காக வந்த கம்பெனியின் அதிகாரி. இந்த மண்ணின் செடிகொடிகளை ஒன்றுவிடாமல் வரைந்து எழுதிவிட வேண்டும் என்ற ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது. சேர்த்தலைக்கு அருகில் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர், கொச்சியின் கொங்கணி வைத்தியர்கள் ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் ஆகியோர் செடிகளின் பெயரும் குணமும் சொல்ல, 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' உருவாயிற்று. 12 தொகுதிகள். முதல் தொகுதி 1678இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. கடைசித் தொகுதி 1693இல். அதைப் பார்க்க ரீட் உயிரோடு இல்லை. 1691 டிசம்பரில் கப்பலிலேயே இறந்து, சூரத்தில் அடக்கமானார்.

அந்தக் கடைசித் தொகுதியில்தான் மலபாரின் மரத்து ஆர்க்கிட்கள் வரிசையாக வருகின்றன. 'அன்ஷெலி மரவரா', 'கன்ஷிராம் மரவரா', 'பொன்னாம்பூ மரவரா'. ஏதோ ஐரோப்பியப் பெயர் போலத் தோன்றும் இந்த 'மரவரா' வேறு ஒன்றுமில்லை, 'மரவாழ'. மரத்தில் ஏறி நிற்கும் வாழை. தடித்த இலை, அடியில் பூண் போட்டது போன்ற தண்டு. வைத்தியர்கள் கண்ணுக்கு அது வாழையாகப் பட்டிருக்கிறது. நம் ழகரம் டச்சு நாக்கில் ரகரமாயிற்று. முதல் தொகுதியில் நிஜ வாழை 'பாலா' என்று அச்சாகியிருக்கிறது. ஒரே வாழைக்கு இரண்டு உச்சரிப்பு. தமிழர்களுக்கு இந்தச் சங்கடம் பழக்கமானதுதான்.

பெயரின் முன்பாதி இன்னும் சுவையானது. அது செடி ஏறியிருக்கும் மரத்தைச் சொல்கிறது. அன்ஷெலி என்பது ஆஞ்சிலி. கன்னியாகுமரி மாவட்டத்தார் அயினி என்று சொல்லி அதன் பழத்தைத் தின்கிறார்களே, அதே மரம். அதில் தொற்றி நரிவால் போலச் சரம் சரமாக இளஞ்சிவப்பில் பூப்பது இன்று ரிங்கோஸ்டைலிஸ் ரெட்டூசா. அசாமில் இதுவே மாநில மலர். பிகு பண்டிகையில் பெண்கள் கொண்டையில் சூடுவது இதைத்தான். கன்ஷிராம் என்பது காஞ்சிரம், நம் எட்டி மரம். அதில் இருப்பது சிம்பிடியம் அலோய்ஃபோலியம். பொன்னாம்பூ மட்டும் பூவின் நிறத்தால் பெயர் பெற்றது. அது வாண்டா ஸ்பாத்துலேட்டா. இந்தியாவுக்கு வராமலேயே லின்னேயஸ் 1753இல் இச்செடிகளுக்கு லத்தீன் பெயர் சூட்டினார் என்றால், கையில் ரீட்டின் படங்கள் இருந்ததால்தான். ஈழவ வைத்தியரின் சொல்லும் ஸ்வீடன் பேராசிரியரின் பெயரும் ஒரே செடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

300 ஆண்டுகளுக்கு மேல் லத்தீனிலேயே சிறைப்பட்டிருந்த இந்த நூலை கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இலும் மலையாளம் 2008இலும் கேரளப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாக வந்தன. கேரள ஆர்க்கிட்களைப் பட்டியலிட்டவர்களிலும் அவர் முக்கியமானவர். 2020இல் பத்மஸ்ரீ பெற்ற மணிலால், 2025 ஜனவரி 1 அன்று காலமானார்.

புல்லுருவி என்ற பழி

ஆனால் ஆலுவாவில் மரவாழையைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் ஒரு பகுதியினர் அதை இத்திக்கண்ணி என்பார்கள். நம் ஊரில் புல்லுருவி. மரத்தின் சாற்றை உறிஞ்சிக் கொல்வது என்று சொல்லி மாமரத்திலிருந்து சுரண்டி எறிந்துவிடுகிறார்கள். உண்மையில் ஆர்க்கிட் மரத்திடமிருந்து ஒரு சொட்டும் எடுப்பதில்லை. அதற்கு வேண்டியது நிற்க ஓர் இடம். நீர் மழையிலும் பனியிலும் வருகிறது. சத்து பட்டைப் பிளவில் சேரும் தூசியிலும் மக்கிலும் இருந்து. 'வாண்டா' என்ற பெயரே மரத்தில் தொற்றும் செடியைக் குறிக்கும் சமஸ்கிருதச் சொல். அச்சொல் புல்லுருவிக்கும் வழங்கியது என்பதால் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல என்று ஆறுதல் கொள்ளலாம்.

மரம் போனால் மரவாழையும் போயிற்று. சாலை அகலமாகிறது, மெட்ரோவுக்குத் தூண் எழும்புகிறது, பழைய தறவாடு இடிந்து அடுக்குமாடி வருகிறது. நூறு வயது ஆஞ்சிலி சாயும்போது அதன் கிளையில் எத்தனை ஆண்டுகளாகவோ குடியிருந்த மரவாழையைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. வளர்ப்போர் குழுக்கள் பயன்படக்கூடிய இடம் இதுதான். விழுந்த மரத்திலிருந்து செடியை வேர் அறுபடாமல் பெயர்த்து, பக்கத்து மரத்தில் தென்னங்கயிற்றால் கட்டிவிட்டால் போதும். வேர் புதுப்பட்டையைப் பிடித்ததும் கயிறு தானே மக்கிவிடும். செலவு ஒன்றுமில்லை, மரம் வெட்டும் தேதியை முன்னதாகத் தெரிந்துகொண்டு ஆள் போய் நிற்பதுதான் கஷ்டம்.

இங்கே ஒரு சங்கடமும் இருக்கிறது. விழுந்த மரத்திலிருந்து எடுத்தேன் என்று ஒருவர் கொண்டுவரும் செடி, காட்டிலிருந்து களவாடியதல்ல என்று எப்படி நம்புவது? ஆர்க்கிட் ஆசையின் பூர்வ சரித்திரமே கொள்ளைதான். உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம். தென்னிந்தியாவில் மட்டுமே வளரும் ஒரே 'சீமாட்டிச் செருப்பு' ஆர்க்கிட், பாஃபியோபெடிலம் ட்ரூரி. கர்னல் ஹீபர் ட்ரூரி 1865இல் திருவிதாங்கூர் மலைகளில் கண்டெடுத்தது. அகத்தியமலைப் பகுதியைத் தவிர அதற்கு வேறு வீடில்லை. மஞ்சள் இதழில் பழுப்புக் கோடு போட்ட அந்தப் பூவுக்காக ஐரோப்பிய ரசிகர்கள் துடித்தார்கள். பிறகு நெடுங்காலம் அது கண்ணில் படவேயில்லை. 1970களில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி வெளியானதுதான் தாமதம், சேகரிப்பவர்கள் மறுபடியும் மலையேறினார்கள். இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதுமே இருக்கிறது. சீமாட்டிச் செருப்புகள் இன்னும் கடுமையான முதல் பட்டியலில். 1991இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது சீமாட்டிச் செருப்பு, நீல வாண்டா, சிவப்பு வாண்டா ஆகியவை பாதுகாக்கப்பட்ட தாவரங்களாயின. 2022 திருத்தத்துக்குப் பின் தாவரங்கள் மூன்றாவது அட்டவணையில் வருகின்றன. காப்புக்காட்டில் எந்த ஆர்க்கிட்டைப் பறித்தாலும் வனச்சட்டப்படி குற்றம். ஆனால் கூடையில் ஈரச்சாக்குப் போட்டு விற்கப்படும் செடிக்கு யார் ரசீது கேட்கிறார்கள்?

கைதேர்ந்த வளர்ப்பாளருக்குச் செடியே சாட்சி சொல்லும். நர்சரிச் செடியின் வேர் தொட்டியின் வடிவத்தில் சுருண்டிருக்கும். எல்லாச் செடியும் ஒரே வயதில், ஒரே உயரத்தில். காட்டுச் செடியின் வேரில் பட்டைத்தூள், பாசி. இலையில் பூச்சி தின்ற பழைய ஓட்டைகள். பத்துச் செடி பத்து வயதில். அதைப் பார்த்ததும் வாங்க மறுப்பதா, அல்லது 'நான் வாங்காவிட்டால் செத்துப்போகும்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வாங்குவதா என்பதில்தான் ஒரு சங்கத்தின் லட்சணம் தெரிகிறது. இரண்டாவது சமாதானத்தைக் கேட்டு நாளை இன்னொரு கூடை மலையிறங்கும் என்பதை அறியாதவர்கள் அல்ல அவர்கள்.

மாற்று வழி கண்ணாடிக் குப்பியில் இருக்கிறது. ஆர்க்கிட்டின் ஒரு காயில் தூசியைப் போல லட்சக்கணக்கில் விதைகள் இருக்கும். ஆனால் முளைக்கத் தேவையான உணவு விதைக்குள் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் உண்டு. லட்சத்தில் எத்தனை தப்பும்? 1922இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் நட்ஸன், சர்க்கரை கலந்த கூழில் பூஞ்சையின் தயவில்லாமலே விதையை முளைக்க வைத்தார். சிங்கப்பூரும் தாய்லாந்தும் பெரிய ஆர்க்கிட் நாடுகளானதற்கு வித்து அந்தக் குப்பிதான். அதே குப்பியில் உள்ளூர் இனங்களையும் வளர்க்கலாம். திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் 1979இல் தொடங்கிய வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் இதைச் செய்து காட்டியிருக்கிறது. ரீட்டின் புத்தகத்துப் பொன்னாம்பூ மரவாழையைக் குப்பியில் பெருக்கி, காட்டு மரங்களுக்கே திருப்பிக் கொண்டுபோன அதன் விஞ்ஞானிகள் 2003இல் அந்த முறையை ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

விஷயம் கேரளத்துக்குச் சிறியதல்ல. இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 2019இல் வெளியிட்ட கணக்கின்படி நாட்டில் 1,256 ஆர்க்கிட் இனங்கள். அவற்றில் 388 இந்தியாவைத் தவிர வேறெங்கும் இல்லாதவை. அந்த 388இல் 111 கேரளத்திலும் 92 தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. நம் பக்கத்தில் ஏற்காட்டில் அதே ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா இருக்கிறது. சுற்றுலா போகிறவர்களில் எத்தனை பேர் உள்ளே நுழைகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், கொச்சியில் காசு கொடுத்து ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது சிம்பிடியத்தில். டார்ஜிலிங், சிக்கிம் பக்கத்துக் கலப்பினச் சிம்பிடியத்தைக் கண்காட்சியில் பூவோடு பார்த்து மயங்கி வாங்கி வருகிறார்கள். அது இரவுக் குளிர் இல்லாமல் மொட்டு விடாது. ஆலுவாவில் இலையை மட்டும் வளர்த்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்கும். அதே சாதியில், இந்தச் சூட்டுக்கென்றே பிறந்த காஞ்சிரமரவாழை முழ நீளத்துக்குச் சரம் தொங்கவிட்டுப் பழைய மரங்களில் இனாமாகப் பூக்கிறது.

அதைப் பரிசு மேசையில் பார்க்க முடியாது. எர்ணாகுளம் மாவட்ட வேளாண் தோட்டக்கலைச் சங்கம் நடத்தும் கொச்சி மலர்க் கண்காட்சி டிசம்பர் - ஜனவரி வாக்கில், சுற்றுலாப் பயணிகள் குவியும் வேளையில் நடக்கிறது. சோனியா வருஷம் முழுவதும் பூக்கும், அதற்குக் கவலையில்லை. காஞ்சிரத்திலும் ஆஞ்சிலியிலும் இருக்கும் மரவாழைகள் பூப்பது கோடையில் தொடங்கி முதல் மழை விழும் மாதங்களில். அப்போது கொச்சியில் பந்தல் கிடையாது, நடுவர் கிடையாது. மழைக்கு முன் தொட்டியிலிருந்து மட்டையை எடுக்கும் அவசரத்தில் சங்கத்துக்காரர்கள் இருப்பார்கள்.